வீட்டு லொறிக்கு எந்த ஜக்? வன்னி வீதிகளில் பாவித்துப் பார்த்து எழுதுவது

சில்லு மாற்ற வண்டியைத் தூக்கும் ஜக் வாங்கப் போகும் எவரும் கடையில் முதலில் கேட்பது "எத்தனை தொன்?" என்பதைத்தான். நானும் அதைத்தான் கேட்டேன். கடைக்காரர் பத்துத் தொன் என்று சொல்லி, சிவப்பு நிறம் பூசிய போத்தல் ஜக் ஒன்றை (போத்தல் போல நிமிர்ந்து நின்று, ஒயில் அழுத்தத்தால் தண்டை எழுப்புவது) எடுத்து மேசையில் வைத்தார். எங்கள் வண்டி முழுப் பாரத்துடனும் ஐந்து தொன்னுக்குக் குறைவானது என்பதால், தேவையைப் போல இரண்டு மடங்கு பலம் கைக்கு வந்துவிட்டது என்ற திருப்தியோடு வீடு திரும்பினேன். ஐந்து மாதம் கழித்து, கார்த்திகை மழையில், ஒட்டுசுட்டானுக்கும் நெடுங்கேணிக்கும் இடையில் முன் இடது ரயர் வெடித்து நின்றபோது, அந்த ஜக் அச்சின் கீழ் நுழையவே இல்லை. நுழையாத ஜக் பத்துத் தொன் தூக்கினால் என்ன, நூறு தொன் தூக்கினால் என்ன?

எங்கள் வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் கீழே வரும் அளவுகள் எல்லாம் அதற்குரியவை. பழைய இசுசு எல்ஃப் லொறி ஒன்றின் சசியின் (அடிச்சட்டத்தின்) மேல் பெட்டி போலப் பொடி கட்டி, உள்ளே இரண்டு கட்டில், ஒரு காஸ் அடுப்பு, தண்ணீர்த் தாங்கி, ஒரு சிறிய குளிரூட்டி என்று ஒழுங்குபடுத்தியிருக்கிறோம். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்கள் இதைக் கம்பர் என்கிறார்கள். ஊரில் எல்லோருக்கும் அது வீட்டு லொறி. முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு இரட்டை இரட்டையாக நான்கு, ஆக ஆறு சில்லுகள், எல்லாம் 7.00-16 ரயர்கள். நெல் ஆலை ஒன்றில் லொறி நிறுக்கும் தராசில், தண்ணீரும் சாமான்களும் ஏற்றிய நிலையில், முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியே ஏற்றி நிறுத்துப் பார்த்தோம்: முன்னுக்கு 1,700 கிலோ, பின்னுக்கு 2,900 கிலோ. அதாவது, ஜக் ஒரு நேரத்தில் தாங்க வேண்டிய ஆகக் கூடிய பாரம் பின் அச்சின் ஒரு பக்கமான 1,450 கிலோதான். முழு வண்டியையும் ஒரு ஜக் தூக்கப் போவதில்லை. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருந்தால் பத்துத் தொன்னுக்கு ஆசைப்பட்டிருக்க மாட்டேன். நான்கு தொன்னே போதும். பாதுகாப்புக்கும் பழசானால் வரும் தேய்மானத்துக்கும் சேர்த்து ஆறு தொன் தாராளம்.

ஏ9 வீதியில் மட்டும் ஓடுபவருக்கு இந்தக் கட்டுரை அவ்வளவு தேவைப்படாது. முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக் கொறித்துக்கொண்டு நிற்கும் சாரதிகளில் யாரிடமாவது ஒரு ஜக் இருக்கும். மாங்குளத்திலும் கிளிநொச்சியிலும் ரயர்க் கடைகள் வீதியோரத்திலேயே இருக்கின்றன. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ34, பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்பு வழியாகப் போகும் ஏ35, மன்னாரிலிருந்து வெள்ளாங்குளம், பூநகரி வழியாக வடக்கே ஏறும் ஏ32 ஆகியவற்றிலும், இவற்றிலிருந்து பிரியும் கிரவல் றோட்டுகளிலும்தான் நம்முடைய ஜக் நம்மைச் சோதிக்கிறது. பொழுதுபட்ட பிறகு யானை நடமாடும் இடங்களில் அரை மணித்தியாலத்துக்கு மேல் சில்லைக் கழற்றிக்கொண்டு நிற்க யாருக்கும் விருப்பமிருக்காது.

சரி, நுழையாத கதைக்கு வருகிறேன். முன் அச்சில் ஜக் வைக்கச் சரியான இடம், ஸ்பிறிங் பட்டைகள் அச்சோடு யூ போல்ற்றால் கட்டப்பட்டிருக்கும் இடத்துக்கு நேர் கீழே. ரயரில் காற்று இருக்கும்போது அந்த இடம் தரையிலிருந்து 28 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. வாங்கிய ஜக், முழுவதும் இறக்கிய நிலையில் 23 செ.மீ. உயரம். வீட்டு முற்றத்தில் வைத்துப் பார்த்தபோது ஐந்து செ.மீ. இடைவெளியோடு அழகாகப் பொருந்தியது. ஆனால் ஜக் தேவைப்படுவது காற்று இருக்கும் ரயருக்கல்ல. ரயர் வெடித்ததும் சில்லின் இரும்பு விளிம்பு றப்பரின் மேல் உட்கார்ந்துவிடுகிறது; அதே இடம் 18 செ.மீ.க்கு இறங்கிவிடுகிறது. கடைக்குப் போகுமுன் ஒரு முன் ரயரின் காற்றை முழுதும் திறந்துவிட்டு, அந்த நிலையில் அளந்து, அந்த எண்ணைக் கையில் எழுதிக்கொண்டு போங்கள். நான் பரிந்துரைக்கும் வேலைகளில் இதற்கு ஒரு சதமும் செலவில்லை. செய்தவர்கள் மிகக் குறைவு. பின்னுக்கு இரட்டைச் சில்லுகளில் ஒன்று போனாலும் மற்றது தாங்கிக்கொள்வதால், அங்கே உயரம் அவ்வளவாகக் குறையாது. ஆகவே அளக்க வேண்டியது முன்பக்கம்.

அன்று நாங்கள் செய்தது, அனுபவமில்லாதவர்கள் எல்லோரும் செய்வது. மண்வெட்டியால் அச்சின் கீழ் குழி தோண்டி, ஜக்கை அதற்குள் இறக்கினோம். குழியில் மழைத்தண்ணீர் ஊறியது. கைப்பிடியை அடிக்க அடிக்க, வெள்ளித் தண்டு வெளியே வந்துகொண்டிருந்தது; ஆனால் அச்சு ஒரு நூல்கூட எழும்பவில்லை. ஜக்கின் அடித்தட்டு சேற்றுக்குள் மெல்லச் சரிந்து, தலை அச்சின் ஓரத்துக்கு நழுவுவதை முழங்காலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உழவு இயந்திரத்தில் வந்த ஒரு தம்பி இறங்கி வந்து, குனிந்து பார்த்துவிட்டு, "வண்டி எழும்பேல்லை அண்ணை, ஜக்தான் தாழுது" என்றார். அன்று கேட்ட விமர்சனங்களில் அதைவிடச் சுருக்கமானதும் சரியானதும் வேறில்லை.

கணக்கு இதுதான். அந்த ஜக்கின் அடித்தட்டு 12 செ.மீ. சதுரம், அதாவது 144 சதுர செ.மீ. பின் அச்சின் ஒரு பக்கத்துப் பாரமான 1,450 கிலோவை அதன் மேல் வைத்தால் ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் பத்துக் கிலோ அழுத்துகிறது. நனைந்த கிரவல் கரை அதைத் தாங்காது. நண்பகல் வெயிலில் இளகிய தார் ஓரமும் தாங்காது. ஜக் பதித்த சதுரத் தடங்களை ஏ9 ஓரங்களில் நீங்களே பார்த்திருப்பீர்கள். 30 செ.மீ. சதுரப் பலகை ஒன்றைக் கீழே போட்டால் பரப்பு 900 சதுர செ.மீ. ஆகிறது, அழுத்தம் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேலே வந்து நின்றுவிடுகிறது. அந்தத் தம்பி தன் பெட்டியிலிருந்து மூன்று பாலைமரத் துண்டுகளை எடுத்து வந்தார். ஒவ்வொன்றும் ஆறு செ.மீ. கனம். இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் படிபோல அடுக்கி, காற்றுப் போன சில்லை அதன் மேல் மெதுவாக ஏற்றச் சொன்னார். அச்சு 30 செ.மீ.க்கு எழுந்தது. மூன்றாவது துண்டை ஜக்கின் கீழ் வைத்தபோது மொத்தம் 29 செ.மீ.; ஒரு விரல் இடைவெளியில் ஜக் உள்ளே போயிற்று. குழி தோண்டத் தேவையே இருந்திருக்கவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வண்டியில் நான்கு பலகைகள் நிரந்தரமாக இருக்கின்றன. மரக்காலையில் சொல்லி வெட்டுவித்தவை. ஒரு பக்க விளிம்பு சரிவாகச் சீவப்பட்டவை, சில்லு ஏறுவதற்காக. பாலை அல்லது முதிரை நல்லது. பனை வேண்டாம், ஜக்கின் தட்டு ஓர் இடத்தில் அழுத்தும்போது அது நாரோடு நாராகப் பிளந்துவிடும். "கல்லோ கட்டையோ வழியில் எடுத்துக்கொள்ளலாம்" என்று பிற நாட்டுக்காரர்கள் சொல்லும் ஆலோசனையை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது. முகமாலைப் பக்கம் போல, கண்ணிவெடிக்கான மண்டையோட்டுச் சிவப்புப் பலகைகளைக் கண்ட இடங்களில் வீதியை விட்டுப் பற்றைக்குள் இறங்கிக் கட்டை தேடுவது நினைத்துப் பார்க்கக்கூடிய காரியமல்ல. வேண்டியதெல்லாம் வண்டிக்குள்ளேயே இருக்க வேண்டும்.

இனி மற்ற ஜக்குகள். வெளிநாட்டுப் படங்களில் ஜீப்பின் பின்னால் மாட்டியிருக்கும் நெட்டை ஜக், நான்கு அடி உயர இரும்புச் சட்டத்தில் கொளுவிக் கொளுவி ஏறுவது, பார்க்க வீரமாக இருக்கும். ஒன்றை இரவல் வாங்கி வைத்திருந்தேன். அது பிடித்துக்கொள்ள வண்டியில் தடித்த இரும்புப் பம்பர் வேண்டும். நமது பெட்டிப் பொடியின் விளிம்பு தகரம். சசியில் வைத்தாலோ, ஸ்பிறிங் முழுதாகத் தொங்கி முடியும் வரை சில்லு தரையை விட்டு எழும்பாது. அதற்குள் பெட்டி ஒரு பக்கம் சரிந்து உள்ளே அலுமாரிக் கதவுகள் திறந்துகொண்டன. இறக்கும்போது கைப்பிடியை விட்டால் அது தானாக மேலும் கீழும் அடிக்கும்; தாடையைப் பெயர்க்கக்கூடிய வேகம். திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

உருளைகளில் தள்ளிப் பாவிக்கும் ட்ரொலி ஜக், வீட்டில் சீமெந்துத் தரையில் இருந்தால் அதற்கு நிகரில்லை. மூன்று தொன் வகை ஒன்று அண்ணரின் கராஜில் இருக்கிறது. இறக்கிய நிலையில் 14 செ.மீ. என்பதால் எந்த ரயர் போனாலும் நுழையும். ஆனால் அதன் கை வளைவாக எழும்புவதால், தூக்கும்போது ஜக் தன் சிறிய இரும்பு உருளைகளில் முன்னே நகர வேண்டும். கிரவலில் உருளை நகராது. நகராவிட்டால் தலை அச்சைப் பக்கவாட்டில் இழுக்கும். அதோடு அதன் நிறை 33 கிலோ. கட்டிலின் கீழ் அதைக் கட்டி வைத்துக்கொண்டு திரிய எனக்கு மனமில்லை.

கனடாவிலிருந்து வந்த மாமாவின் மகன் கொண்டுவந்த, புகைக்குழாயில் குழாய் பொருத்தி ஊதும் இறப்பர்ப் பையையும் முல்லைத்தீவுக் கடற்கரை மணலில் பரிசோதித்தோம். புதைமணலில் அதன் அகலமான அடிப்பாகம் அருமையாக வேலை செய்தது. ஆனால் பாரம் ஏறியதும் பெட்டி தொட்டில் போல ஆடியது, உடைமுள் நிறைந்த காட்டோரத்தில் அந்தப் பையை விரிக்கும் துணிவு எனக்கு வரவில்லை. பொடி கட்டியவர் நான்கு மூலைக்கும் நீரழுத்தக் கால்கள் பூட்டித் தரலாம் என்றும் சொன்னார். அவை வண்டியை மட்டமாக நிறுத்தி நித்திரை கொள்வதற்கு. சில்லைக் கழற்றுவதற்காகத் தூக்குவதற்கு அவற்றைச் செய்பவர்களே கூடாது என்று எழுதிவைக்கிறார்கள்.

கடைசியில் நான் வாங்கியதும், இப்போது பதினான்கு மாதமாகப் பாவிப்பதும், ஆறு தொன் இரட்டைத் தண்டுப் போத்தல் ஜக். ஒரு தண்டுக்குள் இன்னொரு தண்டு இருப்பதால், இறக்கினால் 17 செ.மீ., முழுதாக எழும்பினால் 42 செ.மீ. ஒரு பலகையைச் சில்லின் கீழும் ஒரு பலகையைத் தன் கீழும் வைத்துக்கொண்டால் எங்கள் முன் அச்சுக்கு ஒரு செ.மீ. மிச்சத்தோடு போதுமாகிறது. வவுனியாவில் 21,000 ரூபா கொடுத்தேன். சாதாரண ஒற்றைத் தண்டு வகையின் விலையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். நிறை எட்டுக் கிலோவுக்குள். இதன் குறை, உள்தண்டு மெல்லியதாக இருப்பதும், அதன் தலை சிறியதாக இருப்பதும். அச்சின் வழுவழுப்பான அடிப்பக்கத்தில் சேறு இருந்தால் தலை வழுக்கப் பார்க்கும்; ஆகவே சாக்கால் துடைத்த பிறகே வைப்பேன். ஒரு முறை துடைக்காமல் வைத்து, அரைவாசி எழும்பிய நிலையில் இறக்கித் திரும்ப வைக்க வேண்டியதாயிற்று.

முதலில் வாங்கிய பத்துத் தொன் ஜக்குக்கு என்ன ஆயிற்று என்றும் சொல்ல வேண்டும், அதில் வாங்குபவருக்கு ஒரு பாடம் இருக்கிறது. கடையில் அது பெட்டியில்லாமல் படுக்கவைக்கப்பட்டிருந்ததை நான் கவனித்தும் பேசாமல் வாங்கினேன். ஓர் ஆண்டுக்குள் தண்டைச் சுற்றி ஒயில் கசிந்தது. கொண்டுபோனபோது ஒயில் கசிவுக்கு உத்தரவாதம் இல்லை என்று கடைக்காரர் கையை விரித்தார். கராஜ் ஒன்றில் குறைந்த ஒயிலை நிரப்பித் தரக் கேட்டேன். அங்கிருந்தவர் பிறேக் ஒயிலை ஊற்றிவிட்டார். இரண்டும் ஒயில்தானே என்று தோன்றும். ஜக்குக்குள் இருக்கும் இறப்பர் வளையங்கள் கனிய எண்ணெய்க்காகச் செய்யப்பட்டவை. பிறேக் ஒயில் பட்டால் ஊறி மென்மையாகிவிடும். இரண்டு வாரத்தில் பாரத்தைப் பிடிக்க முடியாமல் அது தானாக இறங்கத் தொடங்கியது. இப்போது அது கோழிக் கூட்டுக் கதவுக்கு முண்டு கொடுக்கிறது.

இரண்டாவது தடவை கடையில் நடந்துகொண்ட முறையே வேறு. அளவுநாடாவைக் கொண்டுபோய் இறக்கிய உயரத்தை நானே அளந்தேன், ஏனெனில் பெட்டியில் அச்சடித்த அளவும் உள்ளே இருக்கும் ஜக்கும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. பிறகு, ஜக்கை இறக்கத் திறக்கும் வால்வைத் திறந்துவிட்டுக் கைப்பிடியைப் பத்துப் பன்னிரண்டு தரம் அடித்து உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றி, வால்வை மூடி, தண்டை எழுப்பி, இரண்டு கைகளாலும் முழுப் பாரம் கொடுத்து அழுத்திப் பார்த்தேன். ஸ்பிறிங் போலத் துள்ளினால் உள்ளே காற்று இருக்கிறது. மெல்ல இறங்கினால் வால்வு பிடிக்கவில்லை. கடைக்காரர் முகத்தைச் சுளித்தார். ஆனால் மூன்றாவதாக எடுத்துத் தந்த ஜக் அசையவில்லை, அதையே வாங்கினேன்.

ஜக் எவ்வளவு நல்லதானாலும், எல்ஃப் போன்ற வண்டிகளில் ஒரு விடயம் தெரியாமல் தூக்கக்கூடாது. இவற்றில் கைப்பிறேக் பின் சில்லுகளைப் பிடிப்பதில்லை. கியர்ப்பெட்டிக்குப் பின்னால் சுழலும் தண்டைப் பிடிக்கிறது. பின்னுக்கு ஒரு பக்கத்தைத் தூக்கியதும், டிஃபரன்ஷியலின் (இரண்டு பின் சில்லுகளையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பற்சக்கரத் தொகுதியின்) வழியாகத் தூக்கிய சில்லு ஒரு பக்கம் சுழல, தரையில் இருக்கும் சில்லு மறுபக்கம் உருளலாம். கைப்பிறேக் இழுத்த நிலையிலேயே வண்டி ஜக்கிலிருந்து நழுவிவிடும். ஆகவே முன் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்காமல் ஜக்கில் கை வைக்க வேண்டாம். கழற்றிய சில்லையோ மேலதிகச் சில்லையோ சசியின் கீழ் படுக்கவைத்துவிடுவதும் நல்லது. ஜக் ஏமாற்றினால் வண்டி அதன் மேல் விழும், உங்கள் காலின் மேல் அல்ல.

பின்னுக்கு வெளிச் சில்லு மட்டும் பழுதென்றால் ஜக்கே வேண்டியதில்லை. 15 செ.மீ. அகலமான ஒரு துண்டை உள்ரயருக்கு நேரே வைத்து அதன் மேல் ஏற்றினால், வெளிச் சில்லு அந்தரத்தில் நிற்கும், கழற்றிப் பூட்டிவிடலாம். லொறிச் சாரதிகளுக்கு இது பழைய வித்தை. உள்ரயர் போனால் மட்டும் இரண்டையும் கழற்ற வேண்டியிருப்பதால் ஜக் தேவை. நட்டுகளைப் பற்றியும் ஒன்று: பழைய ஜப்பானிய லொறிகள் பலவற்றில் இடது பக்கச் சில்லுகளுக்கு இடப்புரி நட்டுகள், போல்ற்றின் நுனியில் எல் எழுத்துப் பொறித்திருக்கும். அதை அறியாமல் இறுக்கத்தையே இளக்கம் என்று நினைத்து, நீளக் குழாய் போட்டு ஏறி மிதித்து, போல்ற்றை முறித்தவர்களை நான் அறிவேன். தூக்குமுன், சில்லு தரையில் இருக்கும்போதே நட்டுகளை இளக்கிக்கொள்ளுங்கள். பூட்டி ஐம்பது கிலோமீற்றரோ நூறு கிலோமீற்றரோ ஓடியதும் மறுபடி இறுக்குங்கள்.

இரட்டைத் தண்டு ஜக்கில் சென்ற மாசியில் வால்வைச் சுற்றி ஈரம் தெரிந்தது. வாங்கிய கடையிலேயே இறப்பர் வளையத்தை மாற்றி, ஜக்குக்கு உரிய ஒயிலையே விட்டுத் தந்தார்கள். வளையத்துக்கு மட்டும் காசு எடுத்தார்கள். அதன் பிறகு துணுக்காய்ப் பக்கம் ஒரு முறையும் பூநகரிக்கு அருகில் ஒரு முறையும் தூக்கினோம். இரண்டாவது தடவை, மழை இல்லாத நாளில், கட்டை வைப்பதிலிருந்து நட்டு இறுக்குவது வரை இருபத்தைந்து நிமிடம் சென்றது. அதில் பத்து நிமிடம், கட்டிலின் கீழிருந்து பலகைகளை வெளியே எடுப்பதற்கு. இப்போது அவற்றை ஏணியோடு சேர்த்து வெளியே கட்டியிருக்கிறேன்.